மூன்றாவது தடவை

அராஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆர்மீனியாவுக்குள் நுழைந்ததும் நேமத் ஆகா முதலில் பார்த்தது சுங்க அதிகாரியின் காலணியை.

"தோல் இல்ல, ரெக்ஸின். ரெண்டு மழை பேஞ்சா வாயப் பொளந்துரும். ஒரு நாட்டோட வாசல்ல நிக்கிறவனுக்கு இதையா குடுப்பாங்க?"

"மெதுவா, மாமா. நாம பேசறது அவருக்குப் புரியும்," என்றான் மருமகன் யாஷார்.

"புரியட்டும். நல்லதுதானே சொல்றேன்."

அதிகாரி கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். பின்சீட்டில் ஆய்லின் சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்தாள். யாஷார் வண்டியைக் கிளப்பினான்.

தப்ரீஸிலிருந்து திபிலிஸிக்குப் போகிறார்கள். வழியில் மேக்ரி, கோரிஸ், செலிம் கணவாய், செவான் ஏரி, டிலிஜான். திபிலிஸியில் மகன் பெஹ்ரூஸ் வீட்டில் நேமத் ஆகாவை விட்டுவிட்டு, யாஷாரும் ஏழு வயது ஆய்லினும் மட்டும் திரும்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு. பெரியவரை விட்டுவிட்டு வர யாஷாருக்கு மனம் இல்லை. திபிலிஸி வருவதற்குள் அதை அவரிடம் சொல்லியாக வேண்டும். 'போகாதீங்க மாமா' என்றால் போதும். அந்த இரண்டு வார்த்தையைத் தப்ரீஸை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவன் இன்னும் சொல்லவில்லை.

யாஷாரின் மனைவி, நேமத் ஆகாவின் மகள் எல்னாஸ் போன வருடம் வசந்தத்தில் இறந்தாள். தலைவலி என்று படுத்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் யாஷாரின் பெயரைத் தப்பாகச் சொன்னாள். பிறகு எதுவும் சொல்லவில்லை. முப்பது வயது.

நாற்பதாம் நாள் சடங்குக்கு வந்த மாமனார் அதற்குப் பிறகு தன் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் இருக்கச் சொல்லவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. அவர் மனைவி இறந்து பல காலம். சந்தையில் இருந்த காலணிக் கடையை வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார், பிறகு இன்னொரு பெட்டியை எடுத்துவந்தார், பிறகு அவருடைய தேநீர்க் கெண்டி வந்தது. ஆய்லினுக்குத் தலை பின்னிவிட்டார். காலணிக்கு நாடா இழுக்கிற பழக்கத்தில் இறுக்கிப் பின்னுவார், பிள்ளையின் புருவம் மேலே ஏறிக்கொள்ளும். பள்ளிக்கு அழைத்துப்போனார். காலையில் யாஷாரின் கதவைத் தட்டி, "முட்டை ஆறுது," என்று மட்டும் சொல்வார். அந்த வருடம் யாஷார் படுக்கையை விட்டு எழுந்ததற்கு வேறு காரணம் இருந்ததாக அவனுக்கு நினைவில்லை.

எல்னாஸைப் பற்றி இரண்டு பேரும் பேசியதே இல்லை. ராத்திரி செய்தி பார்த்தார்கள். செய்தி வாசிப்பவனின் காலணி திரையில் தெரிவதில்லை என்பது பெரியவருக்கு ஒரு குறை.

இந்த வருடம் வசந்தத்தில் குளிர் குறைந்த சமயம் பெஹ்ரூஸ் தொலைபேசியில் அழைத்தான். யாஷார் கையில் பாத்திரம் கழுவிய ஈரம் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டான். அடுப்படி மேசையில் மாமனார் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாஷார், அப்பா உங்களுக்கு ரொம்ப நாளாத் தொந்தரவு குடுத்துட்டாரு," என்றான் பெஹ்ரூஸ். "மகன் ஒருத்தன் இருக்கும்போது மருமகன் பாத்துக்கறதுன்னா ஊர்ல என்ன சொல்வாங்க? இங்க ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கோம்."

"தொந்தரவா? அவரை நாங்க தலைமேல வெச்சுத் தாங்கறோம்," என்றான் யாஷார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழக்கம் வாயை விடவில்லை. "ஆனா நீங்க மகன். உரிமை உங்களோடது. நான் என்ன சொல்றது."

அவன் அப்படிச் சொன்னால் பெஹ்ரூஸ் 'சே, நீங்களும் மகன்தான், உங்களுக்கு இஷ்டம்னா அங்கயே இருக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். பெஹ்ரூஸ் அப்படிப் பேசியிருந்தால் யாஷார் 'இருக்கட்டும்' என்றிருப்பான். அந்தப் பக்கம் பெஹ்ரூஸ் ஒருவேளை, மருமகன் சண்டை போடுவான் என்று காத்திருந்தானோ என்னவோ. இரண்டு பேரும் மரியாதையில் ஒருவரையொருவர் மிஞ்சினார்கள். தேதி முடிவாகிவிட்டது.

மேசையில் மாமனார் வெள்ளரிக்காய்க்கு உப்புப் போட்டார். சற்று நேரம் கழித்து மறுபடி உப்புப் போட்டார். அன்றைக்கு யாராலும் அதைத் தின்ன முடியவில்லை.

மேக்ரியில் மலைச்சரிவு முழுக்க மாதுளை பூத்திருந்தது. ஊரைத் தாண்டியதும் ஏற்றம். கீழே ஆறு நூலாகி, பிறகு இல்லாமல் போனது. முன்னால் ஈரானிய லாரிகள் வரிசையாக மூச்சுத் திணறி ஏறின. யாஷாரின் பழைய பெஜோ கார் அவற்றின் புகையைக் குடித்துக்கொண்டே போனது.

"முந்துங்க மாப்ளே. இப்படியே போனா பெஹ்ரூஸுக்கு நரை விழுந்துரும்."

"வளைவு, மாமா."

"இவருக்கு எப்பவும் வளைவுதான்," என்றார் பெரியவர் பின்னால் திரும்பி. "உங்க அம்மாவப் பொண்ணு கேக்க வந்தப்ப, எங்க தெருவ ரெண்டு தடவ சுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டாராம். மூணாவது தடவ இவரோட அக்காதான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துச்சு."

"நெஜமாவா அப்பா?" என்றாள் ஆய்லின்.

"வண்டி நிறுத்த எடம் இல்ல," என்றான் யாஷார்.

"தெருவே காலியாத்தான் இருந்துச்சு," என்றார் பெரியவர்.

பெயரைச் சொல்லாவிட்டாலும், எல்னாஸைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. யாஷார் ஏதாவது சொல்ல நினைத்தான். லாரி பிரேக் போட்டது. அவனும் போட்டான்.

தாதேவ் பக்கம் புதிய சாலை பள்ளத்தாக்குக்குள் கொண்டையூசியாக இறங்கி மறுபக்கம் ஏறியது. ஆய்லின் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பெரியவர் ஓரமாக நிறுத்தச் சொல்லி, அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார், வாய் கழுவிவிட்டார், எலுமிச்சைத் தோலைக் கிள்ளி முகரக் கொடுத்தார். அவர்கள் தலைக்கு மேல் கம்பிவண்டி ஒன்று மடாலத்தை நோக்கி மிதந்துபோனது. அதில் போகலாமா என்றாள் ஆய்லின்.

"கயித்துல தொங்கறதுக்கா பாஸ்போர்ட் எடுத்தேன்?" என்றார் பெரியவர்.

யாஷார் தண்ணீர்க் குப்பியை மூடிக்கொண்டு நின்றான். திரும்பும் வழியில் இதே இடத்தில் பிள்ளை வாந்தி எடுத்தால் நெற்றியைப் பிடிக்கத் தான் மட்டும்தான் இருப்போம் என்று தோன்றியது. அப்போதே சொல்லியிருக்கலாம். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

கோரிஸில் ஷூஷன் என்ற அம்மாளின் வீட்டில் தங்கினார்கள். கல் வீடு, மரத் தாழ்வாரம், முற்றத்தில் ஒரு முசுக்கட்டை மரம். ஊருக்கு மேலே பாறைகள் கூம்பு கூம்பாக நின்றன. ஷூஷனுக்கு லாரிக்காரர்களிடம் கற்ற பாரசீகம் கொஞ்சம் தெரியும். அதில் வினைச்சொல் கிடையாது.

ஆய்லின் சாப்பிடாமலே தூங்கிவிட்டாள். ஷூஷன் திராட்சை இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டிய தோல்மாவை ஒரு பெரிய தட்டில் கொண்டுவந்தாள். ஆளுக்கு மூன்று வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீட்டினாள்.

"இன்னும்? கொஞ்சம்?"

நேமத் ஆகா நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தார். "போதும்மா. உங்க கை வலிக்கக் கூடாது," என்று ஊர் வழக்கப்படி நன்றி சொன்னார்.

ஷூஷன் யாஷாரைப் பார்த்தாள். அவனும் நெஞ்சில் கை வைத்தான். "வயிறு நெறஞ்சிருச்சு."

ஷூஷன் தலையாட்டிவிட்டுத் தட்டோடு உள்ளே போனாள். உள்ளே ஒரு பெட்டியின் கதவு மூடும் சத்தம் கேட்டது.

இரண்டு ஆண்களும் காலி மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஃப்ரிட்ஜா அது?" என்றார் பெரியவர்.

"ஃப்ரிட்ஜுதான்."

"போயிருச்சு."

"போயிருச்சு, மாமா."

"இந்த அம்மாவுக்கு ரெண்டாந்தடவ கேக்கற பழக்கமே இல்லையா?"

தப்ரீஸில் ஒருவர் 'எடுத்துக்கொள்' என்றால் மற்றவர் 'வேண்டாம்' என்பார். மறுபடி கேட்டால் மறுபடி வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டால்தான் கேட்டவர் மனதாரக் கேட்கிறார் என்று அர்த்தம். அப்போது கை நீட்டலாம். இரண்டோடு நின்றால் அது வெறும் மரியாதை. அதற்குக் கை நீட்டுபவன் நாகரிகம் தெரியாதவன். இது சோற்றுக்கும் சரி, வண்டியில் ஏறுவதற்கும் சரி, பெண் கேட்பதற்கும் சரி.

யாஷார் காருக்குப் போய், ஆய்லினுக்கென்று வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துவந்தான். இரண்டு பேரும் தாழ்வாரத்தில் நின்று சத்தமில்லாமல் தின்றார்கள். பெரியவர் தோளைக் குலுக்கிச் சிரித்தார். யாஷாருக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு காலம் கழித்துச் சிரிக்கிறோம் என்று நினைத்ததும் நின்றுபோனது.

மறுநாள் காலை முற்றத்தில் மேசை போட்டிருந்தாள் ஷூஷன். பெரியவர் பாடம் படித்துவிட்டார். அவள் வாய் திறக்குமுன், "வேணும், வேணும், எல்லாம் வேணும்," என்றார். ஷூஷன் ஆறு முட்டை உடைத்துப் பொரித்துக்கொண்டு வந்து வைத்தாள். ஆய்லின் மரத்தடியில் விழுந்த முசுக்கட்டைப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் கறுப்பு.

பெரியவர் ஒரு சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார். யாஷார் கோப்பையைத் தொடவில்லை.

"மாமா."

"ம்."

"திரும்பிப் போகும்போது நீங்களும் எங்ககூட வந்துருங்க."

சொல்லிவிட்டான். சொன்னபோது அவ்வளவு பெரிதாக இல்லை. பக்கத்துக் கடைக்குக் கூப்பிடுகிற குரல்தான் வந்தது.

பெரியவர் நெஞ்சில் கை வைத்தார். "போதும் மாப்ளே. உங்களுக்கு நான் குடுத்த கஷ்டம் போதும்."

முதல் வேண்டாம். இது யாஷார் எதிர்பார்த்ததுதான்.

"என்ன கஷ்டம்? நீங்க இல்லாம அது வீடா, மாமா? பிள்ளைக்கு யாரு இருக்கா?"

"பிள்ளைக்கு நீங்க இருக்கீங்க." பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். முற்றத்தின் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு முப்பத்திநாலு வயசு. நாளைக்கு ஒருத்தி வீட்டுக்கு வரணும். வர்றவ, செத்துப்போனவளோட அப்பன் கூடத்துல உக்காந்து முட்டை திங்கறதப் பாத்துக்கிட்டு இருப்பாளா?"

இரண்டாவது வேண்டாம்.

அப்படி ஒருத்தி வருவாள் என்று யாஷார் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதை எல்னாஸின் அப்பா வாயிலிருந்து கேட்டான். பெரியவர் உண்மையிலேயே போக விரும்புகிறாரோ? இத்தனை நாள் தன்னைப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டு மௌனத்தைத் தின்று தின்று அலுத்துப்போய், நல்லவிதமாகச் சொல்லி விடைபெறப் பார்க்கிறாரோ? போக நினைக்கிறவரை மூன்றாவது தடவை பிடித்து இழுத்தால் அவரால் மறுக்க முடியாது. அது அநியாயம் இல்லையா?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு அவன் மேசைத் துணியைப் பார்த்தான்.

பெரியவர் காத்திருந்தார். அவர் காத்திருந்தார் என்பது அப்போது யாஷாருக்குத் தெரியவில்லை. தேநீர் தீர்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. வாயில் மிச்சமிருந்த சர்க்கரையை மெல்லாமல் கரையவிட்டார். ஷூஷன் வந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். ஆய்லின் வந்து இரண்டு பேர் உள்ளங்கையிலும் பழம் வைத்தாள்.

"சரி," என்று பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வெயில் ஏறுது. கெளம்பலாம்."

கணவாய்க்குக் கீழே சாலையோரம் ஆப்ரிகாட் பழம் விற்றார்கள். பெரியவர் ஒரு வாளிப் பழத்துக்குப் பேரம் பேசினார். அவர் பேச்சு முன்னைவிட அதிகமானது. ஆனால் யாஷாரிடம் பேசவில்லை. ஆய்லினிடம் பேசினார், பழக்காரனிடம் பேசினார், வண்டியிடம்கூடப் பேசினார்.

செலிம் கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே பழைய சத்திரம் இருக்கிறது. வியாபாரிகள் ஒட்டகங்களோடு தங்கியது. சாம்பல்நிறக் கல், ஜன்னல் கிடையாது, உள்ளே நீளமான இருட்டு. வாசலில் பாரசீக எழுத்தில் ஏதோ செதுக்கியிருந்தது. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், எட்டி நின்று பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு தாத்தா?"

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வான்னு எழுதியிருக்கு."

"பொய்."

"அப்ப நீயே படி."

உள்ளே போனார்கள். கூரையில் ஒரு துளை வழியாக வெளிச்சம் கம்பாக இறங்கியது. ஆய்லின் மிருகங்களுக்குத் தீனி போடுகிற தொட்டிகளுக்குள் ஏறிக் கழுதை மாதிரி கத்தினாள். கூடம் முழுக்கக் கழுதைகள் பதில் சொல்லின. யாஷார் ஒரு தூணருகே நின்றான். அவன் மனதில் தீர்மானம் பண்ணியிருந்தான். இங்கே சொல்லிவிடுவது. 'நீங்க வரணும், அவ்வளவுதான்' என்று சொல்வது.

பெரியவர் கையால் சுவரைத் தடவினார்.

"எத்தனை பேர் தங்கியிருப்பாங்க இதுல. ஆனா எல்லாம் ஒரு ராத்திரிதான் மாப்ளே. ரெண்டாம் ராத்திரி தங்கினா சத்திரக்காரன் மூஞ்சி மாறிரும். மூணாம் ராத்திரி தங்கினா கஞ்சியில தண்ணி ஜாஸ்தியாயிரும்." ஒரு கணம் நிறுத்தினார். "நான் ஒரு வருஷத்துக்கு மேல தங்கிட்டேன். கஞ்சி கெட்டியாத்தான் இருந்துச்சு. அதுக்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

யாஷார் சிரித்தான்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தான். கழுதைச் சத்தம் வேறு சிரிப்பு மூட்டியது. பெரியவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார்.

அந்தச் சிரிப்பை யாஷார் பிற்பாடு பல நாள் திரும்பத் திரும்பக் கேட்டான். அவருடைய பேச்சில் கதவு திறந்துதான் இருந்தது. 'சத்திரமா மாமா அது? உங்க வீடு' என்று சொன்னால் உள்ளே வந்திருப்பார். ஆனால் படித்த மனிதர்கள் சிரிக்கிற மாதிரி, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்துவிட்டான்.

செவான் ஏரியில் காற்று. டிலிஜானில் மழை. மலை முழுக்கக் காடு, அதற்குள் பழைய ஊரின் மர பால்கனிகள் நனைந்துகொண்டிருந்தன. விடுதியில் தொலைக்காட்சியில் செய்தி பார்த்தார்கள், புரியாத மொழியில். ஆய்லின் தாத்தாவின் மடியில் தூங்கிப்போனாள். அவர் அவளைப் படுக்கையில் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார். யாஷார் இரண்டு தடவை, "கால் மரத்துரும், நான் எடுத்துக்கறேன்," என்றான். இரண்டு தடவையும் வேண்டாம் என்றார். அவன் மூன்றாவது தடவை கேட்கவில்லை. அதில் அவன் செய்தது சரி. எதைக் கேட்கக் கூடாதோ அதில் சரியாக நடந்துகொண்டான்.

மறுநாள் ஜார்ஜியா எல்லை. அதற்குப் பிறகு சமவெளி. மலை முடிந்ததும் பெரியவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சீப்பை எடுத்துத் தலை வாரினார். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் துணி வாங்கித் தன் காலணியைத் துடைத்தார். கேட்காமலே யாஷாருடையதையும் குனிந்து துடைத்துவிட்டார்.

"என்ன மாமா இது, விடுங்க."

"மருமகன் அழுக்குச் செருப்போட வந்தான்னு என் பையன் வீட்ல சொல்லக் கூடாது."

திபிலிஸியில் பெஹ்ரூஸின் வீடு ஆற்றைப் பார்த்த சரிவில், பழைய செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். பெஹ்ரூஸ் கீழேயே நின்றிருந்தான். எல்னாஸின் மூக்கு அவனுக்கு. யாஷார் அதை மறந்திருந்தான்.

படிக்கட்டு வாசலில் மூன்று பேரும் 'நீங்க மொதல்ல', 'இல்ல நீங்க' என்று நின்றார்கள். ஆய்லின் எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போனாள்.

மேலே பெஹ்ரூஸின் மனைவி எகா அறையைத் திறந்து காட்டினாள். அவள் ஜார்ஜியாக்காரி. பாரசீகத்தை மெதுவாக, தப்பில்லாமல் பேசுவாள். அறைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. புதுக் கட்டில், விளக்கு, சாய்வு நாற்காலி. கட்டிலுக்குக் கீழே வீட்டுச் செருப்பு, சரியான அளவில்.

"நல்ல தோல்," என்றார் பெரியவர் குனிந்து பார்த்து. "எங்கம்மா வாங்கினே?"

"எகா நாலு கடை ஏறி இறங்கினா," என்றான் பெஹ்ரூஸ். "தோல் இல்லன்னா நீங்க கேலி பண்ணுவீங்கன்னு சொன்னேன்."

நல்லவர்கள். யாஷாருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்திருந்தால் பெட்டியை இறக்காமலே திருப்பியிருப்பான்.

சாப்பாட்டு மேசையில் அக்ரூட் அரைத்த கத்தரிக்காய், பாலாடை ரொட்டி, கோழி. எகா தட்டை நீட்டினாள், எல்லாரும் வேண்டாம் என்றார்கள், எகா கணவனிடம் கற்ற பழக்கத்தில் விடாமல் கேட்டாள், எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஆய்லின் மட்டும் எகா அடுப்படிக்கு எழுந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் போல. அவள் தட்டு காலியாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. யாஷாரும் கவனிக்கவில்லை. அவன் மாமனாரின் பெட்டிகள் சுவரோரம் நின்றிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே அந்தத் தேநீர்க் கெண்டி, செய்தித்தாளில் சுற்றி.

"மாமா எங்ககூட வரட்டும்," என்றான்.

கரண்டிச் சத்தம் நின்றது. தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவனுக்கே தெரியாது.

"எங்க?" என்றான் பெஹ்ரூஸ்.

"தப்ரீஸுக்கு. எங்க வீட்டுக்கு. நான் தப்பு பண்ணிட்டேன் பெஹ்ரூஸ். அன்னைக்கு ஃபோன்ல உரிமை உங்களோடதுன்னு சும்மா சொன்னேன். எனக்கு அவர் வேணும்."

பெஹ்ரூஸின் முகம் சிவந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. அடிபட்ட மாதிரி. "ரூம்ல ஏதாவது கொறையா? எகா ஏதாவது சொன்னாளா?"

"அய்யோ, அதில்ல..."

"பெயிண்ட் வாசம் நாளைக்குப் போயிரும். அப்பா வந்து ஒரு வேளை சாப்பிடல, அதுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்னா..." அவன் தண்ணீர் குடித்தான். "என்னை என்னன்னு நெனச்சீங்க? அப்பாவுக்குச் சோறு போடமாட்டேன்னா?"

எகா கணவனையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நேமத் ஆகா ரொட்டியைப் பிய்த்தார். நிதானமாகக் கத்தரிக்காயில் தொட்டார்.

"பெஹ்ரூஸ், நீ ஊரை விட்டு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. மறந்துட்டே. மாப்ள மரியாதைக்குச் சொல்றாரு," என்றார். "கெளம்பறப்ப அப்படிச் சொல்றது வழக்கம்தானே. நல்ல வளப்பு." யாஷார் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்தார். "ரொம்ப நன்றி மாப்ளே. நான் இங்கதான் இருக்கேன்."

பெஹ்ரூஸ் மூச்சை விட்டான். "அதானே," என்றான். சிரிக்கப் பார்த்தான். யாஷாரின் தட்டில் கோழி வைத்தான்.

மறுநாள் காலை பெஹ்ரூஸும் எகாவும் மாடியிலேயே விடைபெற்றார்கள். பெரியவர் மட்டும் கீழே வண்டி வரைக்கும் வந்தார். ஆய்லின் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அன்றைக்கும் தலை அவர்தான் பின்னிவிட்டிருந்தார். புருவம் ஏறித்தான் இருந்தது.

அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியதும் யாஷார் சொன்னான்: "மாமா, நான் மரியாதைக்குச் சொல்லல."

"தெரியும்."

"அப்ப ஏறுங்க. பெட்டிய பெஹ்ரூஸ் அப்புறம் அனுப்பட்டும்."

பெரியவர் மேலே பார்த்தார். ஜன்னலில் யாரும் இல்லை. திரை மட்டும் இருந்தது.

"நேத்து அவன் மூஞ்சியப் பாத்தே இல்ல? இப்ப நான் ஏறினா அவன் மூஞ்சியில துப்பின மாதிரி. அந்தப் பொண்ணு நாலு கடை ஏறியிருக்கா." அவர் வண்டியின் கூரையை உள்ளங்கையால் தடவினார், குதிரையைத் தடவுகிற மாதிரி. "இத கோரிஸ்ல சொல்லியிருக்கணும்டா. அந்த மரத்தடியில. இன்னும் ஒரே ஒரு தடவ நீ கேட்டிருந்தா, பெஹ்ரூஸுக்கு நான் அங்கிருந்தே ஃபோன் பண்ணியிருப்பேன். என்ன சொல்றதுன்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன்."

"நீங்க போக நெனக்கிறீங்கன்னு..."

"நீ என்னை விட்டுட நெனக்கிறேன்னு நான்."

தெருவில் ஒருவன் ரொட்டி அடுக்கிய பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு போனான். பெரியவர் அவன் காலைப் பார்க்கவில்லை.

"வளைவுல முந்தாதே," என்றார்.

ஊருக்குள் சாலைகள் ஒருவழி. ஆற்றோரமாகப் போகும் சாலையில் ஏறிவிட்டால் வெகுதூரத்துக்குத் திரும்ப வழியில்லை. ஒரு பாலத்தடியில் யாஷார் வேகத்தைக் குறைத்தான். திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பெஹ்ரூஸ் இறங்கி ஓடிவருவான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வான். இவன் நெஞ்சில் கை வைப்பான்.

"அப்பா, பசிக்குது," என்றாள் ஆய்லின்.

"காலையில சாப்பிடலையா?"

"அத்தை கேட்டாங்க. வேணாம்னு சொன்னேன். அப்புறம் கேக்கவே இல்ல. நேத்தும்தான்."

"ஏம்மா வேணாம்னு சொன்னே?"

"நீதானே மொதல்ல வேணாம்னு சொல்லணும்னு சொல்லிக் குடுத்தே."

அவன் வண்டியை ஓரங்கட்டினான். எகா கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தான். பாலாடை ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. பின்சீட்டுக்கு நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கித் தின்றாள்.

"இனிமே எங்கிட்ட அப்படிச் சொல்லாதே," என்றான். "எது வேணும்னாலும் மொதல்லயே வேணும்னு சொல்லு. யாருகிட்டயா இருந்தாலும்."

அவள் மென்று விழுங்கினாள்.

"அப்படின்னா தாத்தா வேணும்."

யாஷார் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தான். பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தது. அவன் கையைக் காட்டி அதைப் போகவிட்டான். அதற்குப் பின்னால் வந்ததையும் போகவிட்டான். வழி கிடைத்தபோது கிளப்பினான். எல்லைக்குப் போகும் பலகை இடப்பக்கம் வந்தது. அந்தப் பக்கமே திரும்பினான்.